மெர்லின் தொடர் ஆர்தர் கதையைக் கெடுத்துவிட்டதா?

பிபிசியின் ‘மெர்லின்’ தொடரை ஐந்து சீசனும் பார்த்து முடித்துவிட்டு, பிரிட்டனின் பழங்கதை அரசன் ஆர்தரைப் பற்றிய கதைகளைப் படித்த ஒரு நண்பரிடம் அதைப் பற்றிப் பேசப் போயிருக்கிறீர்கள். அவர் “அது ஆர்தர் கதையே இல்லை, பிள்ளைகளுக்காகக் கெடுத்து வைத்தது” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாராம். மூலக் கதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள், விலகியதில் ஏதாவது அர்த்தம் உண்டா, கடைசியில் ஏன் இப்படி அழவைத்து முடித்தார்கள் என்பது உங்கள் கேள்வி.

நண்பர் சொல்வதில் பாதி சரி. மாற்றியிருக்கிறார்கள், கை கூசாமல் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் மந்திரவாதி மெர்லின் ஏன் தாடி இல்லாத பையன், அரசி க்வினவீர் ஏன் வேலைக்காரப் பெண், வீரன் லான்சலாட் ஏன் சாதாரணக் குடும்பத்தவன் என்று இவர்கள் வழக்கமாகக் குறை சொல்லும் விஷயங்கள் எல்லாம் மேல்பூச்சுதான். கதையை அடியோடு புரட்டிப் போட்டது ஒரே ஒரு மாற்றம். ஆர்தரின் ஊரான கேமலாட்டில் மந்திரம் செய்தால் தலை போகும் என்று ஒரு சட்டம் வைத்தார்களே, அது. தொடரின் பலம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது, நாலாவது ஐந்தாவது சீசனில் அதற்கு மூச்சுத் திணறியதும் அதனால்தான். இனி முழுக் கதையையும் உடைத்துத்தான் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

முதலில் இந்த ‘மூலம்’ என்ற பேச்சு. ஆர்தருக்கு ஒரு மூலநூல் என்று எதுவும் கிடையாது. வேல்ஸ் நாட்டுப் பழைய ஆண்டுக் குறிப்பு ஒன்றில் 537ஆம் ஆண்டுக்கு நேரே, காம்லான் சண்டையில் ஆர்தரும் மெட்ராட்டும் (பிற்பாடு மோர்ட்ரெட் ஆனவன்) விழுந்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றார்களா, எதிரெதிரே நின்றார்களா என்பதுகூட அதில் இல்லை. அதே குறிப்பில் 573இல் நடந்ததாக இன்னொரு சண்டை வருகிறது, ஆர்வ்டெரித். அந்தச் சண்டையில் புத்தி பேதலித்துக் காட்டுக்குள் ஓடிப்போய் வருங்காலம் சொல்லிக்கொண்டு திரிந்த மிர்தின் என்ற கவிஞனைப் பற்றி வேல்ஸ் மொழியில் தனியாகப் பாடல்கள் உண்டு. ஆர்தருக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தேதியும் இடிக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தவர் மான்மவுத் ஊர்க்காரர் ஜெஃப்ரி. 1136 வாக்கில் லத்தீனில் பிரிட்டன் அரசர்களின் வரலாறு என்று ஒன்றை எழுதினார், வரலாறு என்ற பெயரில் பெரும்பகுதி கற்பனை. 9ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் அம்புரோசியஸ் என்று தகப்பன் பெயர் தெரியாத ஒரு சிறுவன் வருவான். வோர்ட்டிகர்ன் என்ற அரசன் கட்டும் கோட்டை ஒவ்வொரு ராத்திரியும் சரிந்து விழ, இந்தப் பிள்ளையின் ரத்தத்தைத் தெளித்தால்தான் நிற்கும் என்று அரண்மனை மந்திரவாதிகள் சொல்ல, அவனோ ‘தோண்டிப் பாருங்கள், கீழே குளம் இருக்கிறது, குளத்துக்குள் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு டிராகன்கள் சண்டை போடுகின்றன’ என்கிறான். ஜெஃப்ரி மிர்தின் பெயரைத் திரித்து அந்தப் பிள்ளைக்கு மெர்லின் என்று பெயர் வைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அவருடைய அந்தப் புத்தகத்தில் மெர்லினும் ஆர்தரும் ஒருமுறைகூடச் சந்திப்பதே இல்லை. ஆர்தர் பிறக்க வழி செய்துவிட்டு மெர்லின் காணாமல் போய்விடுகிறார். குரு, சிஷ்யன், பாசம் எல்லாம் பிற்பாடு வந்தது.

அதற்கப்புறம் ஆளாளுக்குச் சேர்த்தார்கள். வட்ட மேசை 1155இல் வேஸ் என்ற கவிஞர் போட்டது. லான்சலாட்–க்வினவீர் காதலும் கேமலாட் என்ற ஊர்ப் பெயரும் 12ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் க்ரேத்தியன் தெ த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞரிடமிருந்து வந்தவை. கல்லிலிருந்து உருவிய வாள் 1200ஐ ஒட்டி ராபர் தெ போரோன். மோர்ட்ரெட் ஆர்தருக்குத் தன் சொந்தச் சகோதரி வயிற்றில் பிறந்த மகன் என்ற விவகாரம் 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக்காரர்கள் வேலை. இதையெல்லாம் அள்ளி, வெட்டி, ஒட்டி தாமஸ் மாலரி 1470 வாக்கில் எழுதி முடிக்க, 1485இல் காக்ஸ்டன் அச்சில் கொண்டுவந்தார். உங்கள் நண்பர் ‘மூலம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பது அநேகமாக இந்த மாலரியைத்தான். அது ஆர்தர் விழுந்ததாகச் சொல்லும் வருடத்துக்குத் தொள்ளாயிரம் ஆண்டு தள்ளி வந்த தொகுப்பு. ஆகவே மாற்றினார்களா என்று கேட்பதில் பயனில்லை, மாற்றாமல் யாருமே சொன்னதில்லை. மாற்றியவன் அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று பார்க்கலாம்.

இப்போது தொடர். 2008 செப்டம்பர் 20இல் ஆரம்பித்து 2012 டிசம்பர் 24இல் முடிந்தது, சீசனுக்கு 13 என்று மொத்தம் 65 எபிசோட். சனிக்கிழமை மாலையில் குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்காக எடுத்தது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பல விஷயம் தானாகப் புரியும். சகோதரியிடம் பிறந்த மகன் என்பதையெல்லாம் அந்த நேரத்தில் காட்ட முடியாது.

முதல் எபிசோட் முதல் பத்து நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கிராமத்துப் பையன் ஒருவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்தபடி கோட்டைக்குள் நுழைகிறான். முற்றத்தில் கூட்டம். மேலே மாடத்தில் ஊதர் அரசர் நின்று, மந்திரம் செய்த குற்றத்துக்காக ஒருவனுக்குத் தண்டனை என்று அறிவிக்கிறார், கை இறங்குகிறது, கோடரியும் இறங்குகிறது. அந்த மூச்சிலேயே, டிராகனைப் பிடித்து நாட்டைச் சூனியத்திலிருந்து மீட்டு இருபது வருடம் ஆகிறது, அதற்கு விழா என்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, செத்தவனின் தாய், “என் மகனுக்கு உன் மகன்” என்று சபதம் போட்டுவிட்டு மாயமாய் மறைகிறாள். பையனின் முகத்தைக் காட்டுகிறார்கள். பிறந்ததிலிருந்தே மந்திரம் அவன் உடம்போடு ஒட்டியது, கண் இமைத்தால் பொருள் நகரும், இங்கேதான் இனி அவன் குடியிருக்கப் போகிறான். ஒரு வசனம் இல்லாமல் ஐந்து சீசனுக்கான பிரச்சினையை அந்த ஒரு முகத்தில் வைத்துவிட்டார்கள். காலின் மார்கன் முகம் அது, அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு கும்பிடு.

பழைய கதைகளில் இது நேர் எதிர். அங்கே மெர்லினின் மந்திரம் ஊரறிந்தது. ஊதருக்கு இக்ரெய்ன் மேல் ஆசை, அவளோ கார்ன்வால் பிரபு கோர்லோயிஸின் மனைவி. மெர்லின் ஊதரை அந்தக் கணவன் உருவத்துக்கு மாற்றி டின்டாஜல் கோட்டைக்குள் அனுப்பிவைக்கிறார், அப்படிப் பிறந்தவன் ஆர்தர். மாலரியில் இதற்குக் கூலியாகப் பிள்ளையையே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார் மெர்லின். யோசித்துப் பார்த்தால் அருவருப்பான கதைதான், ஒரு பெண்ணை ஏமாற்றிப் பெற்ற பிள்ளையில் ஒரு நாடே எழும்புகிறது.

தொடர் இதைத் தூக்கிப் போடவில்லை, திருப்பி வைத்திருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த சாமர்த்தியம். இங்கேயும் ஆர்தர் மந்திரத்தால் பிறந்தவன். இக்ரெய்ன் ஊதரின் சொந்த மனைவி, பிள்ளை இல்லை, ஊதர் நிமுவே என்ற மந்திரக்காரியிடம் போய்க் கேட்கிறார். ஓர் உயிர் வர ஓர் உயிர் போக வேண்டும் என்பது விதி, போனது இக்ரெய்ன். துக்கம், குற்ற உணர்ச்சி இரண்டையும் தாங்க முடியாத மனிதர் பழியை மந்திரத்தின் மேல் போட்டு, நாட்டில் மந்திரம் தெரிந்தவர்களை எல்லாம் கொன்று குவிக்கிறார். பழைய கதையில் ஆர்தரின் பிறப்பு ஊதரின் காமத்துக்குச் சாட்சி, இங்கே ஊதரின் பொய்க்குச் சாட்சி. மகனையே மந்திரத்தால் பெற்றவர்தான் மந்திரத்துக்குத் தலை வெட்டுகிறார். ஆன்டனி ஹெட் இந்த ஊதரை வெறும் கொடுங்கோலனாக நடிக்காமல் பிள்ளைப் பாசம் உள்ள கொடுங்கோலனாக நடித்ததால் வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

கோட்டைக்கு அடியில் சங்கிலியில் கட்டிப் போட்ட டிராகன் இருக்கிறதே, ஜான் ஹர்ட் குரலில் பேசுமே கில்காரா, அதைச் சும்மா சேர்த்தது என்று நினைக்காதீர்கள். வோர்ட்டிகர்ன் கோட்டைக்கு அடியில் இருந்த டிராகன்களின் வாரிசு அது. பழைய மதத்து மக்களான ட்ரூயிட்கள் மெர்லினை எம்ரிஸ் என்று கூப்பிடுவதும் அந்தச் சிறுவன் அம்புரோசியஸின் வேல்ஸ் பெயர்தான். தகப்பன் பெயர் தெரியாமல் வளர்வதும் அங்கிருந்தே எடுத்தது, ஜெஃப்ரியில் அப்பன் ஒரு பிசாசு, இங்கே டிராகன்களை ஏவக்கூடிய கடைசி மனிதன் பாலினோர். இதை எழுதியவர்கள் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, ரகசியம் என்ற ஒன்று வந்ததும் கதைக்கு என்னென்ன கிடைத்தது பாருங்கள். ஒன்று, சிரிப்பு. ஆர்தரை மெர்லின் காப்பாற்றுவான், பாராட்டு ஆர்தருக்குப் போகும், மெர்லினுக்குக் கவசம் தேய்க்கும் வேலையும் லாயம் கூட்டும் வேலையும். பழைய கதையில் கிழ மெர்லின் ஆர்தருக்கு ஆலோசகர், இங்கே வேலைக்காரன் என்று மாற்றியதால் ஒரே வயதுப் பையன்கள் இருவர் திட்டிக்கொண்டே நண்பர்கள் ஆகிறார்கள், ப்ராட்லி ஜேம்ஸும் மார்கனும் அதைச் செய்த விதத்துக்காகவே பாதிப் பேர் தொடரைப் பார்த்தார்கள். (ஊதர் ஒரு ட்ரோல் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளும் இரண்டு எபிசோடை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.)

இன்னொன்று, அதைவிடப் பெரியது, ஊதர் அரண்மனையில் வளர்க்கும் பெண் மோர்கனா. 1150 வாக்கில் ஜெஃப்ரி எழுதிய மெர்லின் பற்றிய லத்தீன் கவிதையில் மோர்கன் வில்லியே இல்லை, ஆப்பிள் தீவில் ஒன்பது சகோதரிகளுக்குத் தலைவி, வைத்தியம் தெரிந்தவள், காயம்பட்ட ஆர்தரை ஏற்றுக்கொள்கிறவள். பிற்காலத்தவர்கள்தான் அவளைச் சூழ்ச்சிக்காரியாக்கினார்கள், ஏன் அப்படி ஆனாள் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொடர் கவலைப்பட்டது. முதல் சீசனில் ஊதரிடம் முகத்துக்கு நேரே பேசுகிற ஒரே ஆள் அவள்தான். ட்ரூயிட் சிறுவன் மோர்ட்ரெட்டைத் தன் அறையில் ஒளித்துக் காப்பாற்றுகிறாள். பிறகு தனக்கே மந்திரம் வருகிறது என்று தெரிந்து பயத்தில் நடுங்குகிறாள். எனக்கு என்னவோ ஆகிறது என்று அவள் கதறும்போது அந்த ஊரிலேயே அவளுக்குப் பதில் சொல்லக்கூடியவன் எதிரே நிற்கிறான், வாயைத் திறக்கவில்லை. டிராகன் வேண்டாம் என்றது, மெர்லினைத் தன்னோடு வைத்திருந்த அரண்மனை வைத்தியர் கயஸும் வேண்டாம் என்றார்.

இரண்டாம் சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில் அதற்கு விலை வருகிறது. ஊரே மந்திரத் தூக்கத்தில் விழுந்து கிடக்கிறது, மோர்கனா மட்டும் விழித்திருக்கிறாள், ஏனென்றால் மந்திரம் கட்டப்பட்டிருப்பதே அவள் உடம்பில்தான், அவளுக்கே அது தெரியாது. அவள் சாகாமல் மந்திரம் உடையாது. மெர்லின் தண்ணீர்த் தோல்பையில் விஷத்தைக் கலந்து, தான் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு அவளிடம் நீட்டுகிறான். நம்பிக் குடிக்கிறாள். தொண்டை அடைக்கும்போது அவளுக்குப் புரிந்துவிடுகிறது, அவனை ஒரு பார்வை பார்க்கிறாள், அவன் அழுதுகொண்டே அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் பார்க்கும் சனிக்கிழமைத் தொடரில் கதாநாயகன் தோழிக்கு விஷம் வைக்கிறான்! அவள் பிழைத்துக்கொள்கிறாள், ஆனால் பழைய மோர்கனா திரும்பவில்லை. மூன்றாம் சீசனில் ஓரக்கண்ணால் சிரித்துக்கொண்டு வருகிறவளை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, விரோதியானதில் நியாயம் இருந்தது, இப்படி ஒரே ராகத்தில் விரோதியாக இருந்ததில் இல்லை. எழுத்தாளர்கள் அங்கே சோம்பல்பட்டுவிட்டார்கள். கேட்டி மெக்ராத் கையில் இன்னும் எவ்வளவோ கொடுத்திருக்கலாம்.

லான்சலாட் விவகாரத்துக்கு வருவோம், நண்பர் அதிகமாகக் கோபப்படுவது இதில்தான் என்று நினைக்கிறேன். மாலரியில் கேமலாட் விழக் காரணமே லான்சலாட்–க்வினவீர் உறவு. அரசன், அரசி, அரசனின் மிக நெருங்கிய வீரன், மூவருமே நல்லவர்கள், மூவராலும் தவிர்க்க முடியவில்லை, அதில்தான் அந்தப் புத்தகத்தின் சோகம். தொடரில் லான்சலாட் நாட்டுக்காக உயிரைக் கொடுத்துப் போய்விடுகிறான். அப்புறம் மோர்கனா அவனைப் பிரேதமாக எழுப்பி அனுப்புகிறாள், க்வென் (க்வினவீர்தான்) கையில் மந்திரித்த கங்கணத்தைப் போட்டுவிடுகிறான், கல்யாணத்துக்கு முந்தின நாள் இருவரும் முத்தமிடுவதை ஆர்தர் பார்த்துவிடுகிறான். ஆக, செய்தது க்வென் இல்லை கங்கணம், வந்தவன் லான்சலாட் இல்லை அவன் உடம்பு. யார் மேலும் குற்றம் இல்லாமல் வழித்துத் துடைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் நண்பர் கட்சிதான் நான். கெடுத்தது என்ற சொல் இதற்குப் பொருந்தும்.

ஆனால் க்வென் கொல்லர் மகள், வேலைக்காரப் பெண், கறுப்பினக் கலப்புள்ள ஏஞ்சல் கோல்பி நடித்தது என்பதற்கெல்லாம் முகம் சுளித்தால் அது வேறு கதை. மாலரியில் க்வினவீர் அரசன் மகள், சீதனமாக வட்ட மேசையைக் கொண்டுவருகிறாள், பெரிதாக வேறொன்றும் செய்வதில்லை. இங்கே ஆர்தர் யாரைக் கல்யாணம் செய்கிறான் என்பதே அவன் எப்படிப்பட்ட அரசனாக இருக்கப் போகிறான் என்பதற்குப் பதில். நிறம் பற்றிக் கேட்டால், மாலரியிலேயே பாலமைட்ஸ் என்ற சாரசென், அதாவது முஸ்லிம் நாட்டு, வீரன் உண்டு, 13ஆம் நூற்றாண்டு டச்சு ஆர்தர் கதை ஒன்றின் நாயகன் மோரியன் தலை முதல் கால் வரை கறுப்பு. வரலாற்று உண்மை வேண்டும் என்கிறவர்கள் முதலில் அந்தக் கோட்டையைப் பற்றிக் கேட்கட்டும்: பாரிஸுக்கு வடக்கே பியர்ஃபோன் என்ற ஊரில் இருக்கிறது, 1617இல் இடித்துப் போட்ட இடைக்காலக் கோட்டையை மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-ல-துக் என்ற கட்டடக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டில் தன் கற்பனையும் சேர்த்து எழுப்பியது. மந்திரங்கள் எல்லாம் பழைய ஆங்கிலத்தில், அதாவது பழங்கதையில் ஆர்தர் எதிர்த்துச் சண்டை போட்ட சாக்ஸன்களின் மொழியில்! யாரும் அதற்குக் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை.

இனி அந்தச் சட்டம் தொடரை எப்படித் தின்றது என்பதற்கு வருகிறேன். டிராகன் முதல் சீசனிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறது: ஆர்தரும் மெர்லினும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள், இருவரும் சேர்ந்து ஆல்பியனை, அதாவது பிரிட்டனை, ஒன்றாக்குவார்கள் என்று. நாமும் நம்பி உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ரகசியம் உடைந்தால் தொடரின் அமைப்பே உடைந்துவிடும், திட்டிக்கொள்ளும் வேலைக்காரனும் எஜமானனும் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் உடையப் போகிற இடத்தில் எழுத்தாளர்கள் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆர்தரின் ஞாபகம் போகும், அவன் மயங்கி விழுவான், மரக்கிளை உடைந்து எதிரி தலையில் விழும். 40 எபிசோடுக்கு மேல் மரக்கிளைகள் விழுந்துகொண்டே இருந்தால் ஆர்தர் கொஞ்சம் மந்தம் என்ற எண்ணம் நமக்கு வராமல் என்ன செய்யும்?

ஆனால் இந்தத் தள்ளிப்போடலையே எழுத்தாளர்கள் மூன்று இடத்தில் கதையாக்கினார்கள், அந்த மூன்றும்தான் இந்தத் தொடரின் உயரம் என்பேன். இரண்டாம் சீசனில் மோர்காஸ் என்ற மந்திரக்காரி ஆர்தருக்கு அவன் தாயின் ஆவியை எழுப்பிக் காட்டுகிறாள், தாய் வாயாலேயே உண்மை வெளிவருகிறது, ஆர்தர் கத்தியை உருவிக்கொண்டு அப்பன் கழுத்தில் வைக்கிறான். மெர்லின் ஓடிவந்து “அதெல்லாம் மோர்காஸின் பொய்” என்கிறான். உண்மை என்று அவனுக்குத் தெரியும். தகப்பனைக் கொன்ற பழி நண்பனுக்கு வரக் கூடாது என்று சொன்ன அந்தப் பொய்தான் மந்திரக்காரர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று ஆர்தர் மனதில் ஆணி அடிக்கிறது. நாலாம் சீசனில் ஊதர் சாகக் கிடக்கும்போது மெர்லின் கிழவன் வேடத்தில் வந்து மந்திரத்தால் குணமாக்கப் பார்க்கிறான், மோர்கனா வைத்த தாயத்து மந்திரத்தைத் திருப்பிவிட, ஊதர் ஆர்தரின் கண்முன்னே சாகிறார். ஆணி இன்னும் இறங்குகிறது.

மூன்றாவது, ஐந்தாம் சீசனில் டிசிர் என்ற தேவதைகள் வரும் எபிசோட். மோர்ட்ரெட் இப்போது ஆர்தரின் வீரன், சாகக் கிடக்கிறான். பழைய மதத்தை, மந்திரத்தை, ஆர்தர் ஏற்றுக்கொண்டால் அவன் பிழைப்பான் என்று தேவதைகளின் தீர்ப்பு. ஆர்தர் மெர்லினிடம் கேட்கிறான், முதல்முறையாக உண்மையிலேயே பதில் தெரியாமல் கேட்கிறான்: மந்திரத்துக்கு இங்கே இடம் கொடுக்கலாமா? ஐந்து வருடமாக மெர்லின் எதற்காகக் காத்திருந்தானோ அந்தக் கேள்வி. ஆனால் மோர்ட்ரெட் பிழைத்தால் ஆர்தர் அவன் கையால் சாவான் என்பது மெர்லினுக்குத் தெரியும். கண் கலங்க, கேமலாட்டில் மந்திரத்துக்கு இடமில்லை என்கிறான். திரும்பி வந்தால் மோர்ட்ரெட் குணமாகி எழுந்து நிற்கிறான், ஏனென்றால் அவன் உயிரோடிருப்பதுதான் ஆர்தருக்கு விதிக்கப்பட்ட தண்டனை. நாட்டின் விடுதலையையும் தோற்று, நண்பனின் உயிரையும் தோற்றுவிட்டான், ஒரே வாக்கியத்தில். மாலரியில் இதற்கு இணையான பாவம் ஆர்தர் செய்கிறான்: மோர்ட்ரெட் பிறந்த மே மாதப் பிள்ளைகளை எல்லாம் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறான், மோர்ட்ரெட் மட்டும் தப்புகிறான். இங்கே அந்த இடத்தில் மெர்லினை நிறுத்தியிருக்கிறார்கள். குறியைத் தவிர்க்கச் செய்த காரியமே குறியை நிறைவேற்றுகிறது என்பது பழைய கதையின் எலும்பு, அது அப்படியே இருக்கிறது.

அப்புறம் மோர்ட்ரெட் விரும்பிய பெண்ணை ஆர்தர் தூக்கில் போட, அவன் மோர்கனாவிடம் போய் எம்ரிஸ் யார் என்று சொல்லிவிட, காம்லான். மந்திரத்தை அரசன் ஏற்றிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

கடைசி எபிசோட் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. மோர்ட்ரெட்டின் வாள் துண்டு நெஞ்சை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க, ஆர்தரிடம் மெர்லின் அழுதுகொண்டே “நான் மந்திரவாதி” என்கிறான், நெருப்புப் பொறிகளில் ஒரு குட்டி டிராகனை எழுப்பிக் காட்டுகிறான். ஆர்தர் விலகிப் படுத்துக்கொள்கிறான். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்கும்போது, சொல்லியிருந்தால் தலையை வெட்டியிருப்பாய் என்கிறான் மெர்லின், என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை என்கிறான் அரசன், அந்த நிலைமையில் உன்னை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை என்று பதில் வருகிறது. அந்த ஒரு பேச்சுக்காக ஐந்து வருடம் காத்திருந்ததற்குக் குறையில்லை. ஆனால் இருவரும் உண்மை தெரிந்த நண்பர்களாக வாழ்ந்தது ஒரே ஓர் எபிசோடில் பாதி. வாக்குக் கொடுத்த ஆல்பியனை நாம் பார்க்கவே இல்லை. க்வென் ஆட்சிக்கு வருகிறாள், மந்திரத் தடைச் சட்டத்தை எடுத்தாளா என்று திரையில் ஒரு வரி இல்லை. ஒரு சீசன் முன்னதாக உடைத்திருந்தால் ஐந்தாம் சீசன் முழுக்க, மந்திரவாதி என்று தெரிந்தே பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் அரசனின் கதை கிடைத்திருக்கும். அதற்கு எழுத்தாளர்களுக்குத் துணிச்சல் வரவில்லை, இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

ஆர்தர் செத்தது குறையில்லை. அது இவர்கள் கையில் இருந்த முடிவே அல்ல. ஏரி, படகு, தண்ணீருக்குள்ளிருந்து வாளைப் பிடிக்கும் கை எல்லாம் மாலரியில் இருப்பவை, அங்கே வாளை எறிவது பெடிவீர், இங்கே மெர்லின். ஆர்தர் சாகவில்லை திரும்பி வருவான் என்று சிலர் சொல்வதாக மாலரியே எழுதுகிறார், அதைத்தான் டிராகன் மெர்லினிடம் சொல்கிறது, அதனால்தான் கடைசி ஷாட்டில் இன்றைய தார்ச்சாலையில் லாரி போக ஒரு கிழவன் ஏரிக்கரையில் நடந்துபோகிறான். 65 எபிசோடில் பழைய கதையை மிக நெருங்கிப் போன இடமே எல்லோரும் திட்டிய இந்த இடம்தான்.

மாலரியைப் படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படியுங்கள், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என்று உட்காராதீர்கள், நடுவில் ஒரு வீரன் இன்னொரு வீரனைக் குதிரையிலிருந்து தள்ளுவதே நூறு நூறு பக்கம் போகும். காக்ஸ்டன் அதை 21 பகுதியாகப் பிரித்திருக்கிறார். முதல் பகுதியைப் படித்துவிட்டு, நாலாம் பகுதியின் தொடக்கத்தில் மெர்லின் ஒரு பெண்ணின் மேல் மயங்கிப் பாறைக்கடியில் அடைபட்டுக் காணாமல் போகும் இடத்தையும் பார்த்துவிட்டு, நேரே 18ஆம் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.